வயிறு நிறைந்த நாட்கள்

முட்டைக்கோஸை வேகவைத்துத் தின்றே ஒரு மனுஷி வாழ்ந்துவிடலாம் என்று கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால், அடிக்க மாட்டேன். ஒரு தட்டு நிறைய அதையே வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு நிறையாமல் இல்லை. நிறையும். தண்ணீர் குடித்தாலும்தான் நிறையும். ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும், இன்னும் யாரோ ஏதோ கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள் என்று வாய் காத்துக்கொண்டிருக்கும். யாரும் வைக்க மாட்டார்கள். அவ்வளவுதான் சாப்பாடு, எழுந்து போ.

நான் நன்றாகச் சாப்பிடுகிறவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தையல் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை, கட்டிங் மாஸ்டர் என்பார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே, அடுக்கடுக்காக விரித்த துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, மெஷினை ஓட்டி, நர்ஸ்களுக்கும் காவலாளிகளுக்கும் சீருடை வெட்டித் தள்ளுவேன். வீட்டுக்கு வந்தால் எனக்கு ரொட்டி வேண்டும், அதன் மேல் வெண்ணெய் வேண்டும், பொரித்த உருளைக்கிழங்கு வேண்டும், முடிவில் ஏதாவது இனிப்பு வேண்டும். என் தம்பி எனக்கு வைத்திருந்த பெயர் குண்டக்கா. அவனை நான் கூப்பிடுவது ஒல்லி. கல்யாணம் என்ற தொல்லை எங்கள் இருவரையும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா, நான், அவன், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

ஒல்லி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வருஷக்கணக்காகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பிறர் உயிரைக் காப்பாற்றியதில் அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே உட்கார்ந்திருந்தாலும், யாராவது திடுக்கிடும்படி ஏதாவது சொன்னால், வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் பிடிக்கிற மாதிரி. அவன் ஈரல் கெட்டுப்போய்விட்டது, மாற்றினால்தான் பிழைப்பான் என்று டாக்டர் சொன்ன அன்றும் அப்படித்தான் அழுத்தினான். ஒரு சொட்டுக் குடிக்காதவன். எப்போதோ வந்த மஞ்சள் காமாலை உள்ளே இருந்துகொண்டே தின்றிருக்கிறது.

ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால் இரண்டு பேருக்குள்ளும் அது வளர்ந்துவிடுமாம். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எடுக்க முடியாது என்றார்கள். நான் இருக்கிறேனே என்றேன். ரத்தம் சேர்ந்தது, மற்ற எல்லாம் சேர்ந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்ல கொழுப்பு ரொம்ப அதிகம்மா. இப்படியே எடுத்தா அவருக்கும் சரியா வேலை செய்யாது, உங்களுக்கும் ஆபத்து. கொழுப்பு குறையணும். குறைஞ்சா உடனே பண்ணிடலாம்."

"அவளுக்குக் கொழுப்பு அதிகம்னு நான் சின்ன வயசுலேர்ந்தே சொல்லிட்டிருக்கேன் டாக்டர். யாரு கேட்டாங்க?" என்றான் ஒல்லி.

டாக்டரே சிரித்துவிட்டார். நான் அவன் தொடையில் கிள்ளினேன். கிள்ளுவதற்குச் சதை இல்லை. உடம்பைக் குறைத்து இவனைக் காப்பாற்றியே தீருவது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தவள் ஒரு சின்னப் பெண், டயட்டீஷியன். நெத்திலி மாதிரி இருந்தாள். "முதல்ல திருப்தியே இருக்காதுக்கா. எவ்வளவு சாப்பிட்டாலும் என்னவோ குறையுற மாதிரியே இருக்கும். அது பசி இல்ல, பழக்கம். விடாம இருந்தீங்கன்னா ஒரு நாள் நீங்களே சொல்வீங்க, இதுவே போதும்னு. அப்ப உடம்பு வழிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் தம்பியிடமும் வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம்.

எங்கள் வீட்டில் அடுப்படி அம்மாவுடையது. கரண்டியை இன்னொருத்தர் தொட்டால் அவளுக்கு ஆகாது. இப்போது அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏறின. நீல மூடி போட்டது தம்பிக்கு. அதில் உப்பை ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டிக் கரண்டியால் அளந்து, விரலால் வழித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் போடுவாள். பெரிய பாத்திரம் எனக்கு. அதில் என் பரம எதிரி முட்டைக்கோஸ், கேரட், பூண்டு, கொஞ்சம் மிளகு, குளம் மாதிரி தண்ணீர்.

கம்பெனியில் விஷயம் பரவிவிட்டது. பட்டன் தைக்கிறவளை நாங்கள் பட்டன் என்றே கூப்பிடுவோம். அவள்தான் எனக்குக் காவல். என்னைப் பார்த்ததும் பிஸ்கட் பாக்கெட்டை மடிக்குள் மறைப்பாள். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வந்தால், என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவாள். "மாஸ்டர், வாயைத் திறந்து காட்டுங்க" என்று சிறுபிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்பாள். நானும் ஆ என்று காட்டுவேன். ஒரு துணுக்கு வெளியில் தின்றதில்லை. இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் பண்ணுவேன்.

ஆனால் சாயங்காலம் வீட்டில் அந்தச் சூப்பின் முன்னால் உட்காரும்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். குடித்து முடித்துவிட்டு வெறும் கிண்ணத்தையே முறைத்துக்கொண்டிருப்பேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். மழை பெய்தால் மழையைத் திட்டினேன். ஒருநாள் ஸ்பூன் கைதவறிக் கீழே விழுந்ததற்கு உட்கார்ந்து அழுதேன், கழுதை வயதில். ஒல்லி பக்கத்தில் வந்து, "ஸ்பூனுக்கு அடிபட்டுச்சாக்கா?" என்று கேட்டான். அடுப்படி வாசலில் அம்மா நின்று என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தம்பிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. வழக்கமான சாயங்காலம்தான். சூப்பைக் குடித்தேன், கிண்ணத்தைத் தள்ளினேன், பின்னால் சாய்ந்தேன். என்னவோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. நான் எதற்கும் காத்துக்கொண்டிருக்கவில்லை. வாய் சும்மா இருந்தது. நெஞ்சுக்குக் கீழே கதகதப்பாக, கனமாக, பழைய நாட்களில் இருந்த மாதிரி இருந்தது.

"போதும்மா, வயிறு நிறைஞ்சிருச்சு" என்றேன்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விளக்குப் போட்ட மாதிரி ஆனது. ஒல்லி எழுந்து நின்று கை தட்டினான். "வழிக்கு வந்துடுச்சு! குண்டக்கா வழிக்கு வந்துடுச்சு!" என்று கத்தினான். மூச்சு வாங்கியது, உட்கார்ந்துகொண்டு தட்டினான். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். முட்டைக்கோஸ்கூட இனிக்க ஆரம்பித்தது. அம்மா கைப்பக்குவம் என்று நினைத்தேன். கோபம் குறைந்தது, வேலையில் பாட்டு முணுமுணுத்தேன். முதலில் மளமளவென்று இறங்கிய எடை நின்றுவிட்டதுதான் கொஞ்சம் உறுத்தியது. டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். "உடம்பு நடுவுல அடம்பிடிக்கும்க்கா, விடாதீங்க. திருப்தியா இருக்குல்ல, அதுவே பெரிய விஷயம்" என்றாள். எவர் இடுப்பையும் கண்ணாலேயே அளந்து வெட்டுகிறவள் நான். என் பாவாடை நாடா பழைய முடிச்சிலேயே நிற்பதை நான் பார்க்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டாவது ஸ்கேனுக்கு மூன்று பேருமாகப் போனோம். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டாள். டாக்டர் படத்தைப் பார்த்தார், பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், மறுபடி பார்த்தார்.

"குறையல. சொல்லப்போனா கொஞ்சம் கூடியிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்டுக்குத் தெரியாம வெளியில ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா? தப்பா நினைக்காதீங்க. நிறைய பேரு செய்யுறதுதான்" என்றார்.

ஒல்லியின் கால் தரையை அழுத்தியது.

நான் எகிறினேன். டாக்டர் என்றும் பார்க்கவில்லை. பட்டனைக் கூப்பிட்டு வரட்டுமா, கம்பெனியில் வந்து கேளுங்கள், என் தம்பி சாகக் கிடக்கும்போது கேக் தின்கிறவள் மாதிரியா தெரிகிறேன் என்று கத்தினேன். வெளியில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டர் பொறுமையாகத் தலையாட்டினார். கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருப்பார் போல. எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு நான் தின்றிருக்கிறேன் என்று ஆகிவிட்டது.

பஸ் ஏறித் திரும்பினோம். இறங்குகிற நேரத்தில் ஒல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். "பரவாயில்லக்கா. பசி கஷ்டம்தான். உன்னால முடிஞ்சதைச் செய், போதும்" என்றான். அவனும் நம்பிவிட்டான். கோபித்துக்கொண்டாலாவது சண்டை போட்டிருப்பேன். அவன் என்னை மன்னித்துவிட்டான். செய்யாத தப்புக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "கம்பெனில என்னத்தடி தின்ன? உண்மையைச் சொல்லு."

"ஒண்ணும் தின்னலம்மா."

"அப்பறம் எப்படிக் கூடும்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கிவிட்டாள். எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக அந்த அடுப்படியில் நான் கரண்டி பிடித்தேன். டயட்டீஷியன் சொன்னபடியே கோஸ், கேரட், பூண்டு, மிளகு, தண்ணீர். கொதித்ததும் ஊற்றிக் குடித்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அது வந்துவிட்டது, பழைய காத்திருப்பு. இன்னும், இன்னும் என்று வாய் கேட்டது. இன்னொரு கிண்ணம் குடித்தேன். வயிறு உப்பியது, திருப்தி மட்டும் வரவில்லை.

உட்கார்ந்திருந்தபடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாத மாதிரி எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் விழித்திருந்தாள்.

"அம்மா, நீ வெக்கிற சூப்பு மாதிரி எனக்கு வரலையே. அதுல வேற என்ன போடுவ?"

அந்தக் காய்ச்சலிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "வெண்ணெய்டி. நல்லா ஒரு கை உருட்டிப் போடுவேன். கொஞ்சம் முந்திரிய அரைச்சு ஊத்துவேன், மேல மிதக்காம இருக்கும். உனக்கு மட்டும்தான். அவன் பாத்திரத்துப் பக்கம்கூட கொண்டு போகல, சத்தியமா."

"எனக்கு எதுக்கும்மா?"

"நீ என்ன நோயாளியா? ஸ்பூனு விழுந்ததுக்கு அழுவுறியே, பாக்க முடியலடி. அதோட, நாளைக்கு உன் உடம்பை வெட்டி எடுத்துத்தானே அவனுக்கு வெக்கப்போறாங்க? கொடுக்கப்போற உடம்பு தெம்பா இருக்க வேணாமா? வத்திப்போன ஈரலைக் கொடுத்தா எம்புள்ளைக்கு எப்படிப் பிடிக்கும்?" என் தாடையைப் பிடித்தாள். "கடையில பொரிக்கிறதுதான் கொழுப்பு. வெண்ணெய் வலுவு. அன்னைக்கு நீ வயிறு நிறைஞ்சிருச்சுன்னு சொன்னியே, அன்னைக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. நாங்கள் கை தட்டிக் கொண்டாடிய அத்தனை நாட்களும் அவனுக்கு இல்லாமல் போன நாட்கள். சொல்லித் தொலைத்திருப்பேன். என் வாய் எதையும் உள்ளே வைத்துக்கொள்கிற வாய் இல்லை. ஆனால் அவள் என் தாடையைப் பிடித்திருந்தாள், விரல் நெருப்பாகச் சுட்டது, பிள்ளைகள் இரண்டையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் எதைச் சொல்வது?

"வெண்ணெய் வாடை இப்பல்லாம் குமட்டுதும்மா. இனிமே போடாத. நானே வெச்சுக்கிறேன்" என்றேன்.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்று அவள் முகம் சுருங்கியது.

தம்பியிடமாவது சொல்லலாம் என்று தினமும் நினைப்பேன். நான் தின்னலடா என்று ஒரு வாக்கியம். ஆனால் அடுத்த கேள்வி, பிறகு எப்படிக் கூடியது என்பதுதானே. அவனுக்கு அப்போது சாப்பாடே இறங்கவில்லை. அம்மா மடியில் கிண்ணத்தை வைத்து, கெஞ்சி, ஊட்டினால் நாலு வாய் வாங்குவான். அவள் கையையும் அவன் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தால் அந்த நாலு வாயும் போய்விடும். ஆகவே அக்கா தின்றாள் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்குப் பசியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருப்பேன், அந்தக் குறை அப்படியே இருக்கும். இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள்வேன். இருந்தால்தான் நிம்மதி. திருப்தியாக இருந்தால் பயந்துவிடுவேன். வேலை முடிந்து பஸ் ஏறாமல் நடந்தே வருவேன். துணி மேஜை முன்னால் ஒருநாள் கண் இருட்டியது. பட்டன் பிடித்து உட்காரவைத்து, "மாஸ்டர், ஒரே ஒரு பிஸ்கட்டாவது..." என்று காவலை மறந்து அழுதாள். வேண்டாம் என்று தள்ளினேன். பாவாடை நாடாவின் முடிச்சு உள்ளே தள்ளிக்கொண்டே போனது.

அவன் வயிறு மட்டும் நீர் கோத்துப் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு காலையில் என்னைப் பார்த்து, "கிளட்ச்சை விடாதீங்க மேடம்" என்றான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவனை உள்ளே படுக்கவைத்திருந்தபோதே எனக்கு மூன்றாவது ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்தார். "நல்லா இறங்கியிருக்கு. எடுக்கலாம்" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார். "உங்ககிட்ட எடுக்கலாம்மா. அவருக்கு வெக்க முடியாது. கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. இந்த நிலைமையில அவரு தாங்க மாட்டாரு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." அங்கே நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர், மிச்சத்தைச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ஒல்லிக்கு நினைவு தெளிந்தது. அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்ணால் கூப்பிட்டான். குனிந்தேன்.

"இளைச்சுட்டக்கா. நல்லாவே இல்ல."

"வாயை மூடுடா."

"எனக்குக் கோபமே இல்ல, தெரியும்ல? ஏதோ ஆசைப்பட்டு ரெண்டு வாய் சாப்பிட்டிருப்ப. அதை நெனச்சு மருகாத. என்னைக் கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேன்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் தின்னலடா. உனக்காகப் பட்டினி கிடந்தேன்டா. என் தம்பி என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு போகக்கூடாது என்று உயிர் துடித்தது. கால்மாட்டில் அம்மா விரல் இடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிராமல், காது மட்டும் இங்கே.

"சரிடா" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மறுநாள் போய்விட்டான்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். பக்கத்து வீட்டிலிருந்து ரொட்டியும் பொரித்த மீனும் கேக்கும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அட்டவணை முடிந்துவிட்டது, இனி எனக்கு எதுவும் தடையில்லை. ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். மென்றுகொண்டே இருந்தேன், விழுங்க வரவில்லை.

அம்மா எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கோணியது.

"கொஞ்ச நாள்டி" என்றாள். "கொஞ்சமே கொஞ்ச நாள். உன் வாயைக் கட்ட முடியலையாடி உனக்கு? உன் தம்பிதானேடி அவன்!"

ரொட்டி வாயிலேயே நின்றது. ஒரு வார்த்தை போதும். சொன்னால் எனக்கு நியாயம் கிடைத்துவிடும், அவளுக்கு அதற்கப்புறம் எதுவுமே கிடைக்காது. எழுபதை நெருங்குகிறவள். இந்த வாசலைத் தாண்டி அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. பெண் சரியில்லை என்று திட்டிக்கொண்டாவது அவள் இருந்துவிட்டுப் போகட்டும். தன் கையால்தான் என்று தெரிந்தால் ஒரு நாள்கூட இருக்க மாட்டாள். எனக்கு அவள் வேண்டும். அவனும் போய், இவளும் போய், நான் யாரிடம் கத்துவேன்?

ரொட்டியை விழுங்கினேன்.

"முடியலம்மா" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் முதுகில் அடித்தாள். இரண்டு கையாலும், ஓய்கிறவரை அடித்தாள். நான் நகரவில்லை.